லாரி வருவதற்கு முன் ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் கொட்டப்படும் காய்கறிக் குவியலில் மாலை நேரங்களில் சில பெண்கள் குனிந்து பொறுக்குகிறார்களாம். வெளியூர்க்காரர்கள் அதைக் கைப்பேசியில் படம் எடுக்கிறார்களாம். மலைகளின் அரசி என்று பெயர் வாங்கிய ஊட்டிக்கு அது இழுக்காம். நகராட்சி வேலி போட்டு அந்தப் பெண்களை அப்புறப்படுத்த வேண்டுமாம்.

அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. வேலி போடுவதற்கு முன் எங்கள் தரப்பையும் கேட்டுவிடுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வருகை, இருப்பு, செலவு என்று பதிவேடு எழுதியே பழகிய கை. எதையும் விட்டுவிட்டு எழுத வராது.

ரேஷன் இருக்கும்போது எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு கேள்வி. சரியான கேள்விதான். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது, மறுக்கவில்லை. ஆனால் சோற்றையும் வெந்த பருப்பையும் பிசைந்து வளரும் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் போடுவது? தட்டில் இருப்பது சாப்பாடு என்று பெயர் வாங்குவது காயாலும் வெங்காயத்தாலும் பூண்டாலும் தேங்காயாலும்தான். ரேஷன் அட்டையில் அவற்றுக்கு இடம் கிடையாது. விலை துள்ளுவதும் அங்கேதான்.

நினைவு இருப்பவர்கள் நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது, அரசே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. மறு வருடம் பூண்டு 400 ரூபாயைத் தாண்டியது. நம் மலையில் விளைகிற பூண்டை நாமே கிராம் கணக்கில் வாங்கினோம். 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை மத்திய அரசு உயர்த்தியது. அடுத்த மே மாதம் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு மட்டும் குறைத்தார்கள். ஏறும்போது அன்றைக்கே கடைக்கு வந்து சேர்கிற செய்தி, இறங்கும்போது மட்டும் வழியில் எங்கேயோ படுத்துத் தூங்கிவிடுகிறது. 2025-ல் தேங்காயின் முறை. சட்னிக்குப் பாதி மூடி போதும் என்றிருந்த வீடுகளிலும் பொட்டுக்கடலைதான் மிகுதியானது.

இதில் மலைக்காரர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. தக்காளி, சின்ன வெங்காயம், கத்திரிக்காய், முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் சமவெளியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக வண்டி ஏறி வருபவை. கொண்டை ஊசி வளைவுகளுக்கான வாடகையும் கூடவே ஏறி வரும். என் ஓய்வூதியம் எவ்வளவு என்பதைச் சத்துணவு ஊழியர்களின் ஆர்ப்பாட்டச் செய்தி வரும்போதெல்லாம் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். மகன் சீசனில் வேன் ஓட்டுகிறான். சீசன் இல்லாத மாதங்களில் வேன் நிற்கும், தவணை நிற்காது.

சரி, என்ன பொறுக்குகிறோம்? அந்த வாசகர் அதைக் கிட்டத்தில் வந்து பார்க்கவில்லை என்பது அவருடைய கடிதத்திலேயே தெரிகிறது. "அழுகிய காய்கறி" என்று எழுதியிருக்கிறார். அழுகியதை யாரும் எடுப்பதில்லை, ஐயா. எங்களுக்கும் மூக்கு இருக்கிறது.

ஒரு கேரட் எப்படிக் குப்பைக்கு வருகிறது என்று சொல்கிறேன். எங்கள் கேத்தி பாலாடா பக்கம் விடிவதற்கு முன்பே பிக்கப் வண்டிகளில் ஆட்கள் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிடுங்கி, இலையை ஒடித்து, மூட்டை கட்டிக் கழுவும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். இயந்திரத்துக்குள் தண்ணீரோடு உருண்டு, மண்ணெல்லாம் போய்ப் பளபளவென்று வெளியே வந்து விழும்போதுதான் தரம் பிரிக்கிற வேலை. நேராக, நடுத்தரப் பருமனில் இருப்பது மேட்டுப்பாளையம் மண்டிக்கும் கோயம்பேட்டுக்கும் போகும். மண்ணில் கல் தட்டி இரண்டு காலாகப் பிரிந்தது, நீளவாக்கில் வெடித்தது, நுனி ஒடிந்தது, தோள்பட்டை பச்சையாக இருப்பது, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாதது இவையெல்லாம் ஒதுக்கம். அதே மண், அதே உரம், அதே இனிப்பு. வடிவம் மட்டும் சரியில்லை.

ஒதுக்குகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். மண்டியில் வாங்குகிறவர் சாக்குக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்க்கும்போது இரண்டு கோணல் கேரட் தட்டுப்பட்டால், முழு மூட்டைக்கும் விலை இறங்கிவிடும். உருளைக்கிழங்கும் அப்படித்தான். 45 கிலோ மூட்டைக்கு விலை பேசும் இடத்தில் மண்வெட்டி பட்ட கிழங்கும் கோலிக்குண்டு அளவுப் பொடிக்கிழங்கும் உள்ளே இருக்கக் கூடாது. முட்டைக்கோஸுக்கு மேல் இலை மூன்று நான்கு உரிக்கப்படும். காலிஃபிளவர் பூவுக்கு வெளியே இருக்கிற இலையும் தண்டும் வெட்டப்படும். பீட்ரூட், முள்ளங்கி, நூல்கோல் இவற்றின் கீரை மொத்தமும் போகும். வண்டியில் அது இடத்தை அடைக்கும் என்பதால். இதில் ஒரு பங்கை மாடு வைத்திருப்பவர்கள் சாக்கில் கட்டி எடுத்துப்போகிறார்கள். அது வீணில்லை, பாலாகத் திரும்பி வருகிறது. அவர்களும் எடுத்து மீந்ததுதான் நாற்றம் பிடிக்கிறது.

சில்லறை மார்க்கெட்டில் கதை வேறு. சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் தக்காளிப் பெட்டியின் அடியில் நசுங்கியது, முற்றி விதை பருத்த பீன்ஸ், வாடிய கொத்துமல்லி, கறுத்த வாழைப்பழம் எல்லாவற்றையும் வழித்துக் கூடையில் போட்டுப் பின்பக்கம் கவிழ்ப்பார்கள். நாளைக்கு விற்காது என்பது ஒன்றுதான் அவற்றின் மேல் உள்ள குற்றம். இன்றைக்கு இரவு அடுப்பில் ஏறினால் ஒரு குறையும் இல்லை. முற்றிய பீன்ஸை உரித்தால் உள்ளே கொட்டை கிடைக்கும். அதை வேகவைத்துக் குருமா வைத்தால் கடையில் வாங்கும் ராஜ்மாவை யாரும் கேட்கமாட்டார்கள்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது கண்டதையும் எடுத்துப்போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் பழி என் மேல் வரும். வெயில்பட்டுப் பச்சை படர்ந்த உருளைக்கிழங்கை எடுக்கவே கூடாது. அதில் ஊறும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. முளை கட்டி வதங்கிய கிழங்கும் அப்படியே. கேரட்டில் கறுத்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். ஆனால் தக்காளி, பழம் போல நீர் நிறைந்தவற்றில் ஓரிடத்தில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருந்தால் முழுவதையும் விட்டுவிட வேண்டும். ரொட்டியும் அப்படித்தான். ஒரு துண்டில் பச்சைப் புள்ளி தெரிந்தால் பாக்கெட்டோடு போக வேண்டியதுதான். முட்டைக்கோஸ் மேல் இலையில் மருந்து படிந்திருக்கும். அதை மாட்டுக்குப் போடுவதற்கே நான் யோசிப்பேன். கீரை வகைகளை ஓடும் தண்ணீரில் அலசி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, மீண்டும் அலசித்தான் கத்தி வைப்பேன். எலி கடித்த தடம் இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

பீட்ரூட் கீரையைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வார்த்தை. வேர்க்காயை விட எனக்கு அதன் கீரைதான் பிடிக்கும். பூண்டு இரண்டு பல் தட்டிப்போட்டு, பாசிப்பருப்போடு கடைந்தால் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். தண்டைத் தனியாக நறுக்கிப் பொரியல் செய்யலாம். முள்ளங்கிக் கீரை கொஞ்சம் கசக்கும், வெங்காயம் சேர்த்தால் அடங்கிவிடும். காலிஃபிளவர் தண்டில் தோல் சீவி, புளி, மிளகாய் வைத்துத் துவையல் அரைத்தால் இரண்டு நாளைக்கு ஆகும். நம் குளிருக்கு மூன்றாம் நாளும் ஆகும். இட்லி மாவு புளிக்க அடுப்பங்கரையில் கம்பளி போர்த்தி வைக்கிற ஊர் இது. சமவெளியில் ஒரு நாளில் ஊசிப்போவது இங்கே இன்னும் கொஞ்சம் தாங்கும். மலைக்கு இயற்கை கொடுத்திருக்கிற இந்தச் சலுகையை நாம் பயன்படுத்துவதே இல்லை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். கொட்டுகிறார்களே என்பது குறை அல்ல. எதோடு சேர்த்துக் கொட்டுகிறார்கள் என்பதுதான். கடைக்காரர் கூடையைக் கவிழ்க்கும்போது அந்தக் கேரட் சுத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் அதன் மேல் மீன் செதிலும் கோழி இறகும் வந்து விழுகின்றன. பிறகு டீ சிந்திய காகிதக் கப், உடைந்த பல்பு, குழந்தையின் அணையாடை. அதற்குப் பிறகு அதை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. நாங்கள் குனிந்து அவசர அவசரமாகப் பொறுக்குவது இதனால்தான். பசி தாளாமல் பாய்வதாகப் படம் எடுப்பவருக்குத் தோன்றலாம். மீன்கடைக் கூடை வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்கிற அவசரம் அது. உடைந்த கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டவர்கள் எங்களில் உண்டு.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். குப்பை லாரி வருவதற்கு முன் ஒரு மணி நேரம், மார்க்கெட்டின் ஒரு மூலையில், காய்கறி ஒதுக்கத்தை மட்டும் போட ஒரு மேடை வேண்டும். தரையிலிருந்து இடுப்பு உயரம் இருந்தால் போதும். குனிய வேண்டாம், நாய் ஏறாது, படம் எடுப்பவருக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. மேலே தகரக் கூரை இருந்தால் நல்லது. தென்மேற்குப் பருவமழையில் சாயங்காலத்து மழையை நம்ப முடியாது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். லாரி வந்ததும் மீந்தது உரக்கிடங்குக்குப் போகும். எதுவும் கலக்காமல் போவதால் உரமும் நல்ல உரமாக இருக்கும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொல்லித் திடக்கழிவு விதிகள் 2016-லேயே கட்டாயப்படுத்திவிட்டன. விதி ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் கேட்பது அந்த விதிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு மணி நேரம்.

இலவசமாக எடுத்துப்போக விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று சில கடைக்காரர்கள் சொல்லக்கூடும். நான் அவர்களைக் கேட்கிறேன்: நம் பேக்கரிகளில் உடைந்த வர்க்கியைத் தனியாகக் கட்டி விலை குறைத்து விற்கிறார்களே, அதனால் முழு வர்க்கி விற்காமல் போய்விட்டதா? விருந்தாளிக்கு முழு வர்க்கி, வீட்டுக்கு உடைந்த வர்க்கி என்று இரண்டையும் வாங்குகிற வீடுகள் எத்தனை! கோணல் கேரட்டுக்கும் ஒரு விலை வைத்து விற்றால் அதையும் வாங்குவோம். கடைசி நேரத்தில் பாதி விலைக்கு ஒரு கூடை என்று கூப்பிட்டால் வரிசையில் நிற்பதற்கு ஆள் உண்டு. உழவர் சந்தைகள் 1999-ல் வந்தபோதும் இதே பயம்தான் பேசப்பட்டது. மண்டியும் இருக்கிறது, சந்தையும் இருக்கிறது.

தோட்டக்காரர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. விலை அடிமட்டத்துக்குப் போகிற நாட்களில் வெட்டுக்கூலி, சுமைக்கூலி, வண்டி வாடகை மூன்றையும் கூட்டினால் மண்டியில் கிடைக்கும் காசைத் தாண்டிவிடும். அப்போது முட்டைக்கோஸைத் தோட்டத்திலேயே விட்டுவிடுவார்கள், அல்லது உழுது மடக்கிவிடுவார்கள். அந்த வயிற்றெரிச்சலோடு நிற்கிறவரிடம் போய் "சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா" என்று கேட்பதற்கு நாக்கு கூசும். கேட்காமல் இறங்கினால் அது திருட்டு. கேரட் திருட்டு நடக்கிற ஊர்தான் இது, மறைக்க வேண்டாம். அறுவடை முடிந்த பிறகு தப்புக்கிழங்கு பொறுக்க விடுவது பழைய வழக்கம். சமவெளியில் கடலைக்காட்டிலும் அந்த வழக்கம் இருந்தது. இப்போது அடுத்த போகத்துக்கு உடனே நாற்று வைப்பதால் யாரையும் உள்ளே விட முடிவதில்லை. ஆகவே தோட்டத்துக்குள் போகும் பேச்சே வேண்டாம் என்பது என் கட்சி. கழுவும் இடத்திலும் மார்க்கெட்டிலும் ஒதுக்கப்படுவதே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

சமைத்த உணவைப் பற்றியும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. விடுதிகளில் மீந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காதாம். நல்ல மனது. ஆனால் பெரிய அண்டாவில் சமைத்துப் பார்த்தவள் என்கிற முறையில் எனக்கு இதில் அவ்வளவு துணிச்சல் கிடையாது. கேரட்டைப் பார்த்தால் அதன் வயது தெரியும். குருமாவைப் பார்த்தால் தெரியாது. தேங்காய் அரைத்துவிட்டது முதலில் போகும், பிறகு பருப்பு சேர்ந்தது. புளிசாதம் நின்று தாங்கும். பிரியாணி சூடும் இல்லாமல் ஆறவும் ஆறாமல் மூடியே கிடந்தால், வாசனை நன்றாக இருக்கும்போதே உள்ளே கெட்டிருக்கும். மண்டபத்தில் மதியம் மீந்ததை இரவு ஒன்பது மணிக்குக் காப்பகத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சாப்பிடுகிற குழந்தைகளின் வயிறு யாருடைய கணக்கில்?

செய்ய முடியாது என்று சொல்லவில்லை. உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2019-ல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. பதிவு பெற்ற அமைப்புகள் வழியாக, பாதுகாப்பாக இருக்கும் உணவை மட்டும் வழங்கலாம். அதிகாரிக்குப் பயந்து கொட்டுகிறோம் என்று சொல்லும் விடுதிகள் அதை ஒருமுறை படிக்கலாம். பரிமாறும் மேசைக்கு வராமல் சமையலறையிலேயே நின்றுவிட்ட உணவை, சமைத்த நேரம் எழுதி ஒட்டி, சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். யாருக்கு என்று கேட்காதீர்கள். சீசனில் வண்டி நிறுத்தும் இடங்களில் இரவு முழுவதும் வேனுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்று என் மகனைக் கேட்டால் சொல்வான். பயணிகளுக்கு விலை வைத்த ஹோட்டலில் அவர்களால் சாப்பிட முடியாது. தேயிலைத் தோட்டத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சுமை தூக்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மீந்ததைக் கொடுப்பதை விட, மீந்துபோகாமல் சமைப்பது மேல். சத்துணவு மையத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. நல்ல மழை நாளில் வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். வகுப்பாசிரியர்களிடமிருந்து வருகை வந்த பிறகே நான் அரிசி அளக்கச் சொல்வேன், உலை கொதித்துக்கொண்டு காத்திருந்தாலும் சரி. நம் விடுதிகள் அந்தக் காத்திருப்பைக் கற்றுக்கொள்ளவில்லை. காலையில் பஃபே என்று பதினைந்து வகை வைக்க வேண்டும், ஒரு பாத்திரமும் காலியாகத் தெரியக் கூடாது என்பது அவர்களுக்கு மரியாதைப் பிரச்சினை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்றாகிவிட்டது. நாளைக்கு எத்தனை வண்டி வரப்போகிறது என்பது இன்றைக்கே அரசுக்குத் தெரிகிறது. அந்த எண்ணிக்கையை விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் முதல் நாள் மாலையே தெரிவித்தால், உலை வைக்கும்போது அது உதவாதா? வண்டியை எண்ணுகிறோம், தட்டில் மிஞ்சுவதை எண்ணுவதில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய வீடுகளில் ஆளுக்கு வருடத்துக்கு 55 கிலோ உணவு வீணாவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேத்தி படித்துக் காட்டினாள். எங்கள் வீட்டில் அவ்வளவு வீணாவதற்கு வழியே இல்லை. அப்படியானால் எங்கள் பங்கையும் சேர்த்து யாரோ கொட்டுகிறார்கள். பிரான்சில் 2016 முதல் பெரிய கடைகள் விற்காத உணவை அழிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். நமக்குச் சட்டம்கூட வேண்டாம். ஒரு மேடை போதும்.

காட்டு விலங்குகளைப் பற்றி அந்த வாசகர் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். காய்கறிக் கழிவைச் சாலையோரச் சரிவில் உருட்டிவிடுகிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. அதன் மணத்துக்குக் காட்டெருமை ஊருக்குள் இறங்குகிறது, பன்றி வருகிறது, கரடி வருகிறது. தேயிலைக்குள் காட்டெருமை முட்டிச் செத்தவர்களின் செய்தியை நீங்களே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அந்த ஆபத்து என்றால், அதில் ஒரு பங்கு முந்தைய நாள் சாயங்காலம் யாரோ சோம்பலில் கொட்டிய முட்டைக்கோஸ் இலைக்கும் உண்டு.

இந்த மாவட்டத்தால் முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. பிளாஸ்டிக் பையை மாநிலம் முழுவதும் 2019-ல் தடை செய்வதற்கு வெகு காலம் முன்பே ஒதுக்கிய மாவட்டம் இது. டாஸ்மாக் காலி பாட்டிலை 10 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கும் திட்டம் 2022-ல் முதலில் தொடங்கியது நீலகிரியில்தான். யானையின் காலைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக வந்தது, நல்ல திட்டம். குடித்து முடித்த பாட்டிலுக்கு ஒரு மதிப்பு வைக்கத் தெரிந்த நமக்கு, யாரும் தொடாத கேரட்டுக்கு ஒரு மேடை கட்டத் தெரியாதா?

இடையில் ஒன்று தோன்றுகிறது. கோடை விழாவில் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும். கேரட்டிலும் பீன்ஸிலும் மிளகாயிலும் பிரம்மாண்டமான உருவங்கள் செய்து நிறுத்துவார்கள். குழந்தைகளோடு நானும் போய் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த உருவங்களை ஒதுக்கப்பட்ட காய்களாலேயே செய்தால் என்ன? யானையின் தும்பிக்கைக்குக் கோணல் கேரட்தான் பொருத்தம். இரண்டு கால் முளைத்த கேரட்டுக்கு அங்கே பரிசே கொடுக்கலாம்.

வெட்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொறுக்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. என் மருமகளுக்கு இருக்கிறது. அவள் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நான் சாக்குப்பையோடு அந்தப் பக்கம் போனால் உள்ளே திரும்பிக்கொள்கிறாள். கோபமில்லை, அவள் வயது அப்படி. கொண்டுவந்த கீரையை இரவில் அவள்தான் ஆய்கிறாள். அவள் பொருட்டு என் பெயரை நீங்கள் வெளியிட வேண்டாம். படம் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சீப்பு வாழைப்பழத்தை நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு, வாங்குகிற கிழவியை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கும் தர்மப் பிரபுக்களை விட நீங்கள் பரவாயில்லை. நீங்கள் தூரத்திலிருந்தாவது எடுக்கிறீர்கள்.

நகராட்சி இதைப் படித்து, செய்யலாம் என்று முடிவெடுத்தால், வழக்கம்போல் அதை ஒரு திட்டமாக்கிவிடக் கூடாது என்பது என் கவலை. தொடக்க விழா வேண்டாம். ரேஷன் அட்டை நகல் கேட்க வேண்டாம், டோக்கன் வேண்டாம், பயனாளி பட்டியல் வேண்டாம். ஒரு மேடை, ஒரு தண்ணீர்க் குழாய், மீனும் கோழியும் இங்கே போடாதே என்று ஒரு பலகை, அதை மீறுபவரைக் கேட்க ஒரு தூய்மைப் பணியாளர். அந்தப் பணியாளருக்கு அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்; இருக்கிற வேலையோடு இதையும் பார் என்று தலையில் கட்டாதீர்கள். லாரி கிளம்பிய பிறகு மேடையைக் கழுவிவிடுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். யார் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பதிவேடு வைக்கவே வேண்டாம். வாழ்நாளெல்லாம் பதிவேடு வைத்து அலுத்தவள் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.